நாபோத்தின் தோட்டமும் நமது வயலும்



நாபோத் என்பவனின் திராட்சத் தோட்டத்தை ஆக்காபு அரசன் கேட்ட வரலாற்றை அரசராகமத்தில் வாசிக்கிறோம். நல்ல விலையோ, அதைவிட நல்ல தோட்டமோ தருவதாக அரசன் சொன்னான். முன்னோர் விட்டுப்போன நிலம் என்று நாபோத் மறுத்தான். அதற்காக உயிரையும் இழந்தான். நம்மிடத்தில் அரசன் வரவேண்டியதில்லை. தரகர் வந்தாலே போதுமென்றாகிவிட்டது.

சென்னைப் பட்டணத்தைப் பாருங்கள். தியாகராய நகர், 1920-ம் ஆண்டுகளில் தூர்க்கப்பட்ட பெரிய ஏரியின்மேல் எழும்பியது. இன்று செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கங்களிலும் நெல் விளைந்த வயல்களில் மனைக்கற்கள் நிற்கின்றன. வயலும் ஏரியும் மழைத்தண்ணீர் தங்குமிடம். அவற்றை மேடாக்கினால் தண்ணீர் அயலான் வீட்டுக்குள் நுழையும். 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் இதைக் கண்ணீரோடு அறிந்தன.

அப்படியானால் நிலம் விற்பது பாவமா? அல்ல. வைத்தியச் செலவுக்கும் தீராத கடனுக்கும் விற்கிறவனை ஒருவரும் குற்றஞ்சொல்ல வேண்டாம். ஆனால் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒன்றை யோசியுங்கள்: அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு இனி என்ன பிழைப்பு? 2013-ம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், அரசாங்கம் நிலத்தை எடுக்கும்போது, முந்தின மூன்று வருஷமாக அதில் உழைத்துப் பிழைத்த நிலமற்ற கூலிக் குடும்பத்தையும் கணக்கில் சேர்க்கிறது. நாம் நமது இரண்டு ஏக்கரைத் தனியாருக்கு விற்கும்போதோ, பத்திரத்தில் அவர்கள் பெயர் எங்கும் வருவதில்லை. சட்டம் கேளாத இடத்தில் மனச்சாட்சி கேட்க வேண்டும்.

ஆகையால் விற்கிறவர்களே, உங்கள் வேலையாட்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கிடைக்கும் பணத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு எடுத்துவையுங்கள். அது தருமமல்ல, நீதி. மனை வாங்குகிறவர்களே, அங்கீகாரம் உண்டா என்று விசாரிப்பதோடு, அந்த ஊர்ப் பெரியவர்களிடம் வாய்க்கால் எவ்வழியே ஓடிற்று என்றும் கேளுங்கள். வாய்க்காலை அடைத்துக் கட்டிய வீட்டில் சமாதானம் இராது.

பூமிக்குச் சொந்தக்காரர் சர்வேசுரன். நாம் சில காலத்துக் குத்தகைக்காரர். கணக்குக் கேட்கும் நாளில், அந்த நிலத்தை நம்பியிருந்தவர்கள் என்னவானார்கள் என்று அவர் கேட்பார். அன்று தலைநிமிர்ந்து பதில் சொல்ல நமக்கு வரம் அருள்வாராக. ஆமென்.