பரவசமாவது யாது?

கிரேக்க மொழியில் 'எக்ஸ்டாசிஸ்' என்பதொரு சொல். 'எக்' என்பது புறம். 'ஸ்டாசிஸ்' என்பது நிற்றல். தன்னினின்றும் புறத்தே நிற்றல் என்னும் பொருட்டாய அச்சொல், ஆங்கிலத்தில் 'எக்ஸ்டசி' எனவும் இத்தாலியத்தில் 'எஸ்தாசி' எனவும் திரிந்து, மிக்க களிப்பினைக் குறிக்கின்றது.

அற்றேல், தன்னை மறத்தல் மாத்திரையே இன்பமாமோ எனின், ஆகாது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவெல்லாம் உழைத்தான் ஒருவன், விடியலில் ஸ்ரீபெரும்புதூர் செல்லும் வண்டியிலேயே தன்னை மறந்து துயில்கின்றான். அத்துயில் குற்றமுடைத்தன்று, ஆயினும் ஆண்டு அறிவு விளங்காமையின், அது கேவல நிலையை ஒக்குமன்றிப் பேரின்பமாகாது. கள்ளுண்டானும் தன்னை மறக்கின்றான், அதுவும் அன்னதே.

நம்மவர் வழங்கும் 'பரவசம்' என்னும் வடசொல்லோ, பிறிதொன்றன் வயப்படுதல் எனப் பொருள்படும். கிரேக்கச் சொல் உயிர் நீங்கிய இடத்தைக் கூறிற்று. இச்சொல் அது சார்ந்த இடத்தை நினைப்பிக்கின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தமாகலின், எதனைச் சார்ந்தது என்பதே ஈண்டு வினா.

திருவருளைச் சார்ந்துழிக் கெடுவது தற்போதமே, உயிரன்று. உயிரும் கெடின், இன்பம் நுகர்வார் யாவர்? தாளும் தலையும் புணர்ந்து 'தாடலை' என ஒரு சொல்லாய் நிற்பினும் இரண்டும் அழிந்தில. உமாபதி சிவனார் திருவருட்பயனில் இதனையே உவமை காட்டினார்.

ஆதலின், களிப்பின் மிகுதியை அளவாது, அது நம்மை யார் வயத்தில் விடுத்தது என்பதனை ஆராய்தல் அறிவுடையோர் கடனாம்.