இடையில் நிற்கும் காற்று

விண்மீன்கள் மினுங்குகின்றன என்கிறோம். உண்மையில் மினுக்கம் விண்மீனுடையதன்று. இடையில் நிற்கும் காற்றினுடையது. வெம்மையும் குளிர்ச்சியும் கலந்து சுழலும் காற்றடுக்குகள் ஒளியைக் கணந்தோறும் வெவ்வேறாக வளைக்கின்றன. தொலைநோக்கியின் ஆடி எத்துணைப் பெரிதாயினும் ஒளியை மிகுதியாகச் சேர்க்குமேயன்றி, இக்கலங்கலை நீக்காது.

1953-இல் அமெரிக்க வானியலார் ஹொரேஸ் பாப்காக் ஒரு வழி கூறினார்: காற்றை நிறுத்த இயலாது, ஆனால் அது விளைக்கும் கோணலை அளந்து, அதற்கேற்ப நம் கருவியையே திருத்திக்கொள்ளலாம். அக்கருத்து செயல்வடிவம் பெறப் பல பத்தாண்டுகள் ஆயின. சிலி நாட்டின் பரனால் மலையில், 8.2 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி ஒன்று 2016 முதல் நான்கு லேசர் கதிர்களை வானுக்கு அனுப்புகிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்கள் அவற்றால் ஒளிர்ந்து, செயற்கை விண்மீன்களாகத் தோன்றுகின்றன. அவற்றின் ஒளி காற்றில் சிதையும் விதத்தைக் கணினி அளக்க, மெல்லிய ஆடியொன்று நொடிக்கு ஆயிரம் முறை வரை தன் வடிவை மாற்றிக்கொள்கிறது.

பிறரைப் பார்க்கையில் நாம் காண்பது அவரையா, இடையில் வீசும் காற்றையா? பாகப்பிரிவினையில் மனம் கசந்த அண்ணன், தம்பி வீட்டுத் துயரத்தில் வந்து நிற்கிறார். 'ஊருக்காக வந்தார்' என்று தம்பி எண்ணுகிறார். அண்ணனின் கண்ணீர் அவருக்குத் தெரிவதில்லை. பழைய கசப்பே தெரிகிறது.

அப்படியாயின் பிறர் குற்றத்தைக் காணாதிருப்பதுதான் அறமோ? அன்று. ஆடி வளைவது விண்மீனை அழகுபடுத்தவன்று, உள்ளபடி காட்டவே. கோணல் நீங்கினால் நிறையும் தெளியும், குறையும் தெளியும். நீதிக்கும் அன்புக்கும் அத்தெளிவே முதற்படி.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. லேசர் ஒளி சென்ற வழியே திரும்புவதால், காட்சி முழுவதும் ஒருபக்கம் விலகியிருப்பதை அதனால் அறிய முடியாது. அதற்கு அருகிலுள்ள உண்மையான விண்மீன் ஒன்று வேண்டும். நாமே ஏற்றிய விளக்கு நம் கோணல்களுள் பலவற்றைக் காட்டும். நாம் பார்க்கும் திசையே தவறியிருப்பதைக் காட்டாது. அதனை அறிய, நாம் உண்டாக்காத ஒளி ஒன்றை நோக்கியே ஆகவேண்டும்.

திருத்தம் ஒருமுறையோடு முடிவதுமில்லை. அடுத்த கணமே காற்று மாறிவிடுகிறது; ஆடியும் மீண்டும் வளைகிறது.