விருந்தினன் கையிலும் ஒரு தராசு

தமிழில் ‘ஏமாற்றம்’ என்று ஒரு சொல் உண்டு. எதிர்பார்த்தது கிட்டாதபோது நெஞ்சில் எழும் துயரத்தை அச்சொல்லால் குறிக்கிறோம். ஒருவன் மற்றொருவனை வஞ்சிப்பதையும் அதன் இனச்சொல்லாகிய ‘ஏமாற்று’ என்பதனாலேயே குறிக்கிறோம். மழையை நம்பி விதைத்தவன், வானம் பொய்த்தால் ‘ஏமாந்து போனேன்’ என்கிறான். அவனை ஏமாற்றியவர் எவருமிலர். ஆயினும் சொல்லின் வேர் ஒன்றாக இருப்பதனாலோ என்னவோ, துயரம் எழுந்த இடத்திலெல்லாம் ஒரு குற்றவாளியைத் தேடுவது நமக்குப் பழக்கமாகி விட்டது.

ஏமாற்றமடைந்த ஒவ்வொருவனும் அநீதி இழைக்கப்பட்டவன்தானா? அவ்வாறு மெய்யாகவே அநீதி இழைக்கப்பட்டிருந்தாலும், தன் உரிமையைக் கேட்கும் நேரத்தில் அவன் பேண வேண்டிய நீதி என்று ஒன்று உண்டா? இவ்விரு வினாக்களையும் நான் நூல்களிலிருந்து பெறவில்லை. ஜப்பான் நாட்டுக் கடற்கரை விடுதி ஒன்றில் கழித்த ஓர் இரவு அவற்றை என்முன் நிறுத்திற்று.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வணிகத்தின் பொருட்டுத் தோக்கியோ சென்றிருந்தேன். அலுவல் முடிந்தபின் ஓர் இரவு ஓய்வு கிடைத்தது. அங்குள்ள வணிக நண்பர், ‘அத்தாமி சென்று வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வாருங்கள், உடல்வலி தீரும்’ என்றார்.

அத்தாமி, ஷிசுவோக்கா மாநிலத்தில், இசு தீபகற்பம் தொடங்குமிடத்தில், சகாமி விரிகுடாவை நோக்கி அமைந்த ஊர். தோக்கியோவிலிருந்து அதிவிரைவு ரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். அதன் பெயருக்கே ‘வெப்பக் கடல்’ என்பது பொருள். 1604-ஆம் ஆண்டு தொகுகாவா இயேயாசு என்னும் பேரதிபதி இங்கு வந்து ஏழு நாட்கள் தங்கி நீராடினார். அவருக்குப் பின் வந்த அதிபதிகள், இவ்வூற்றின் நீரைப் பீப்பாய்களில் நிரப்பித் தம் தலைநகராகிய எதோவுக்கே வரவழைத்தனராம். 1964-இல் அதிவிரைவு ரயில் வந்தபின் நிறுவனத் தொழிலாளர்களும் புதுமணத் தம்பதியரும் திரள்திரளாக வந்தனர். மலைச்சரிவெங்கும் விடுதிகள் எழுந்தன. 1990-களில் நாட்டின் செல்வநிலை தளர்ந்தபோது அவற்றுள் பல மூடப்பட்டன. அண்மை ஆண்டுகளில் ஊர் மீண்டும் தலைநிமிர்ந்தது.

இத்தகைய விடுதியை ‘ரியோகான்’ என்பர். வாயிலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். அறையில் கட்டிலோ நாற்காலியோ இராது. கோரையால் வேய்ந்த ‘தத்தாமி’ விரிப்பே தரை. விடுதியார் தரும் பருத்தி அங்கியை அணிந்துகொள்ளலாம். பணிப்பெண் இரவு உணவைத் தட்டுத் தட்டாக அறைக்கே கொணர்ந்து மண்டியிட்டுப் பரிமாறுவார். உண்டபின் படுக்கை விரிப்பார். கட்டணம் அறைக்கன்று, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதனுள் அடங்கும். பொதுக் குளியலறையில் ஆடவர் ஆடையின்றி ஒன்றாக நீராடுவது அவர்கள் வழக்கம். அவ்ரத்தைப் பேணக் கடமைப்பட்ட நமக்கு அது ஆகாது. ஆதலின் தனித்துக் குளிக்கும் சிற்றறை ஒன்றை நண்பர் எனக்காகத் தொலைபேசியில் கேட்டுவைத்தார். பன்றி இறைச்சியும் மதுவும் உணவில் எவ்வகையிலும் கலக்கலாகாது என்றும் சொல்லிவைத்தார். ‘அவ்வாறே ஆகட்டும்’ என்று விடை வந்தது.

அவ்விடுதியின் விளம்பரத் தாளில் ஒரு படம் இருந்தது. ஆவி எழும் நீர்த்தொட்டி. அதன் விளிம்பை முத்தமிடுவதுபோல் நீலக்கடல். பயணம் முழுவதும் அப்படத்தையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

சென்றதும் முதல் ஏமாற்றம் காத்திருந்தது. என் அறைச் சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அச்சுவரின் ஓரத்தில் கையகலக் கடல். இரண்டாவது, குளியலறையில். கந்தகமும் கடலுப்பும் மணக்கும் என்று எண்ணிச் சென்ற எனக்கு, நகராட்சிக் குழாய்நீரைப்போல் குளோரின் வாடை அடித்தது. மனம் கசந்து வெளியேறினேன். ஒளூச் செய்து, மேற்குக்குச் சற்று வடக்கே கிப்லாவைக் கணித்து, மஃரிபு தொழுதேன். தொழுகையிலும் உள்ளம் அச்சுவரையே முட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, உணவில். பரிமாற வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார். அவர் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. ‘கின்மெதாய்’ எனப்படும் செந்நிற ஆழ்கடல் மீனைச் சோயாச் சாற்றில் இனிப்பாகச் சமைத்து வைத்தார். அக்கடற்கரைக்கே உரிய பண்டம் அது, சுவையாகவும் இருந்தது. பாதி உண்டிருப்பேன். வெளியே சென்ற அம்மையார் கையில் ஒரு துண்டுத்தாளுடன் விரைந்து வந்தார். அந்தத் தட்டைச் சுட்டினார். இரு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினார். பின்பு சிறு கிண்ணத்தை இதழில் வைத்துப் பருகுவதுபோல் சைகை செய்தார். அச்சாற்றில் அரிசி மது சேர்ந்திருக்கிறது என்பது விளங்கிற்று. அம்மையார் நெற்றி விரிப்பில் படுமாறு தலைதாழ்த்தினார். தட்டை எடுத்துச் சென்றார். சிறிது நேரத்தில் உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீனும் வெண்சோறும் கொண்டுவந்து வைத்தார்.

நான் கீழே இறங்கிச் சென்றேன். மேலாளருக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். சுவர், குளோரின், மது என மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ‘உணவில் மது இருந்ததற்குச் சான்று என்ன என்று கேட்கிறீர்களா? உங்கள் பணிப்பெண்ணே ஒப்புக்கொண்டார்!’ என்று முழங்கினேன். அவர் பன்முறை வணங்கினார், ஏதோ குறித்துக்கொண்டார்.

மறுநாட்காலை உணவு கொண்டுவந்தவர் வேறொரு இளம்பெண். நேற்றிருந்த அம்மையார் எங்கே என்று சைகையால் கேட்டேன். அவர் புன்னகையோடு வணங்கினார், அவ்வளவே. புறப்படும்போது மேலாளர் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தார். வென்றுவிட்ட பெருமிதத்தோடு அதனை ஏற்றுக்கொண்டேன். ரயிலில் அமர்ந்து கடல் கண்ணில் பட்டபோதுதான் உறைத்தது: அவ்விடுதியில் எனக்கு உண்மை சொன்னவர் ஒருவரே, அவரைத்தான் நான் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று அவருக்கு ஓய்வுநாளாக இருந்திருக்கலாம். வேறு அறைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். என் சொல்லால் கண்டிக்கப்பட்டும் இருக்கலாம். தோக்கியோ திரும்பியபின் நண்பரைக் கொண்டு விடுதிக்கு மடல் எழுதினேன்; அந்த அம்மையாரின் நேர்மையைப் பாராட்டி, அவர் நலமா என்று கேட்டேன். மிகப் பணிவான வருத்தம் தெரிவித்து விடை வந்தது. என் கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை.

அந்நாளில் மற்றொன்றும் தெரியவந்தது. புகாருக்குச் சான்றாகக் குளியலறையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதன் சுவரில் தொங்கிய அறிவிப்பை நண்பர் படித்துச் சொன்னார்: ‘ஊற்றுநீர் சுழற்சி முறையில் பயன்படுத்தப்படுகிறது, கிருமிநாசினி சேர்க்கப்படுகிறது’. 2004-ஆம் ஆண்டு அந்நாட்டில் பெயர்பெற்ற சில ஊற்றூர்களில் குளியல் பொடி கரைத்தும் வெறுங்குழாய்நீரை நிரப்பியும் வந்தது அம்பலமாகிப் பெரும் பரபரப்பு எழுந்தது. அதன் விளைவாக 2005 முதல், நீர் சேர்ப்பதையும் சூடேற்றுவதையும் சுழற்றுவதையும் கிருமிநாசினி இடுவதையும் எழுதிவைக்க வேண்டும் என்று விதி செய்தனர். ஆக, விடுதி என்னிடம் எதையும் மறைக்கவில்லை. படிக்கத் தெரியாதவன் நான். விளம்பரத் தாளின் படத்தடியிலும், அது மேல்தளத்துத் தொட்டியின் தோற்றம் என்று சிற்றெழுத்தில் இருந்ததாம். கடல்நோக்கிய அறைக்குக் கட்டணம் மிகுதி என்பதால் மலிவான அறையைக் கேட்டவனும் நான்தான்.

வணிகன் என்ற முறையில் இதனைப் பேரேட்டில் பதிந்து பார்க்கிறேன். முதற்பத்தி, வாக்களித்து வழங்காதது. மது கலவாத உணவு அதில் சேரும். அது என் ஹக்கு. கேட்க எனக்கு முழு உரிமை உண்டு. இரண்டாம் பத்தி, எவரும் வாக்களிக்காமல் என் ஆசையே எழுதிக்கொண்டது. கடலும் கந்தக மணமும் அதில் சேரும். அது எவர்மீதும் கடனன்று. மூன்றாம் பத்தி, எவரும் வாக்களிக்காமலே எனக்கு வழங்கப்பட்டது. அந்த அம்மையாரின் உண்மை அதில் சேரும். நான் செய்த பிழை, இரண்டாம் பத்தியைத் தூக்கி முதற்பத்தியில் போட்டுக் கூட்டியதும், மூன்றாம் பத்தியை எழுதாமலே ஏட்டை மூடியதும் ஆகும்.

அந்த அம்மையார் வாய் திறவாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நான் நிறைவோடு உண்டு உறங்கியிருப்பேன். அறியாமல் நேர்ந்த தவறுக்குக் குற்றமில்லை, உள்ளம் நாடிச் செய்வதற்கே கேள்வியுண்டு என்பது நம் மார்க்கம் தரும் ஆறுதல். மறுமையில் என்னிடம் கேட்கப்படாத ஒன்றிலிருந்து என்னைக் காப்பதற்காக, இம்மையில் தம் பிழைப்புக்கே இடர் வரக்கூடும் என்றறிந்தும் அவர் பேசினார். நம் மார்க்கத்தை அவர் அறியார், அமானிதத்தை அறிந்திருந்தார்.

‘அப்படியாயின் முறையீடே செய்யலாகாதா? வாய்மூடியிருந்தால் அடுத்து வரும் முஸ்லிமும் அதே உணவைத்தானே உண்பார்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீயதை உரக்கச் சொல்வதை இறைவன் விரும்புவதில்லை. ஆயின் அநீதி இழைக்கப்பட்டவனுக்கு விலக்கு உண்டு என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தில் காண்கிறோம். வாய்திறக்கும் உரிமையைத் தந்த அதே வசனம், அவ்வுரிமை எவருக்கு என்பதையும் வரையறுத்துவிடுகிறது. உணவைப் பற்றிப் பேசும்போது அவ்வுரிமை என்னிடம் இருந்தது. சுவரைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேசும்போது இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. ஹராமை விலக்குவது வேறு, சுவையில் குறை காண்பது வேறு. நான் முன்னதன் பெயரால் பின்னதையும் செய்து முடித்தேன்.

அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் ஒரு நிகழ்ச்சி அன்று முதல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. நபி மூஸா (அலை) அவர்களும், ஹிழ்று (அலை) என நாம் அறியும் அந்த ஞானியும் ஓர் ஊருக்குச் சென்று உணவு கேட்கிறார்கள். ஊரார் விருந்தளிக்க மறுக்கிறார்கள். ஆயினும் அங்கே சாயவிருந்த ஒரு சுவரை ஹிழ்று (அலை) நிமிர்த்தி வைக்கிறார்கள். இதற்குக் கூலியாவது வாங்கியிருக்கலாமே என்கிறார்கள் மூஸா (அலை). பின்னரே உண்மை தெரிகிறது: அச்சுவர் இரு அநாதைச் சிறுவருடையது, அதனடியில் அவர்களுக்குரிய புதையல் இருந்தது. ஊர்மீது கொண்ட சினத்தால் சுவரை விழவிட்டிருந்தால், அந்த அடி ஊரார்மீது விழுந்திராது, அநாதைகள்மீது விழுந்திருக்கும்.

நிறுவனங்கள்மீது நாம் வீசும் சினத்தின் வழியும் இதுதான். விடுதியைத் திட்டுகிறோம், விடுதி என்பது கல்லும் மரமும். சினம் அங்கே நிற்பதில்லை. முதலாளியிடமிருந்து மேலாளருக்கும், மேலாளரிடமிருந்து சமையலறைக்கும் இறங்கி, இறுதியில் கையில் தட்டேந்தி மண்டியிடுபவர்மேல் வந்து விழுகிறது. ஒவ்வொரு சுவரின் பின்னாலும் ஓர் அநாதை இருக்கக்கூடும் என்று நினைப்பவனே நீதியாக முறையிடத் தகுந்தவன்.

அன்றிரவு நான் சொல்லியிருக்க வேண்டியவை இரண்டு வாக்கியங்கள்தாம். ‘மது கலவாத உணவு தருவதாக ஒப்புக்கொண்டீர்கள், சமையலறையில் அது பேணப்படவில்லை.’ இது முதல் வாக்கியம். ‘உங்கள் பணியாளர் தாமாகவே வந்து உண்மையைச் சொல்லி என்னைக் காத்தார், அவருக்கு நான் நன்றியுடையேன்.’ இது இரண்டாவது. முதல் வாக்கியத்தை முழங்கினேன், இரண்டாவதை விழுங்கினேன். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறர்க்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போர்க்குக் கேடுதான் என்று அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிப்பதைக் கடைத்தெருவில் தராசு பிடிப்போர்க்கு மட்டுமே உரியதென்று எண்ணியிருந்தேன். விருந்தினன் கையிலும் ஒரு தராசு இருக்கிறது. பாதி உண்மையைச் சொல்லி முழுத் தள்ளுபடியை வாங்கிய நான், எடை குறைத்தவன் அன்றி வேறென்ன?

கடல்கடந்து சென்றுதான் இதனைக் கற்க வேண்டும் என்பதில்லை. வலீமா வீட்டில் ‘கறியில் உப்புக் குறைவு’ என்று உரக்கச் சொல்லும்போது, அச்சொல் அடுப்படியில் யார்மீது போய் விழுகிறது? மருமகள் ஆக்கிய சோற்றைத் தள்ளிவைக்கும்போது, அவள் வாக்களித்ததைத் தரவில்லையா, அன்றி நம் நாவே எழுதிக்கொண்ட கடனை அவள் கணக்கில் ஏற்றுகிறோமா? வீட்டுப் பணியாளர் தாமே வந்து ‘கண்ணாடிக் குவளையை உடைத்தது நான்தான்’ என்று சொல்லும்போது, உடைந்த குவளையின் விலையைக் கணக்கிடும் நாம், சொன்ன உண்மையின் விலையை எந்த ஏட்டில் எழுதுகிறோம்? உண்மை சொன்னவரைத் தண்டித்துப் பழகிய வீட்டில் நாளடைவில் உண்மையே பேசப்படாது.

விடுதி குறைத்த அந்தத் தொகையைப் பின்னர் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் என் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. எவருடைய ஹக்கோ அவரிடமே சேர வேண்டும்; அல்லது அவர் மன்னிக்க வேண்டும். அவரோ, பெயரும் அறியாத ஊரில், மொழியும் அறியாத ஒருவர். விரல்களைக் குறுக்காக வைத்து உண்மை சொன்ன அந்தக் கைகள் இன்றும் யாருக்கேனும் உணவு பரிமாறிக்கொண்டிருக்க வேண்டும் என்றும், தட்டின் எதிரே அமர்ந்திருப்பவன் என்னைவிட நேரிய தராசு பிடிப்பவனாக இருக்க வேண்டும் என்றும் துஆச் செய்கிறேன். அளவில் குறை வைக்காதோர் கூட்டத்தில் நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.