வில்லங்கத்தோடு கைமாறும் வல்லமை

நிலம் வாங்கப் போகிறவர் முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பார். பழைய அடமானம் இருக்கிறதா, பங்காளி வழக்கு இருக்கிறதா என்று துழாவுவார். உலக வல்லமை கைமாறும்போது அப்படி யாரும் பார்ப்பதில்லை. அடுத்து சீனாவா, இந்தியாவா என்றுதான் பேச்சு. முந்தைய வல்லரசு செய்த அநியாயத்துக்கு அடுத்து வருவது பொறுப்பாகுமா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது.

இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் சாகோஸ் தீவுகள் அந்தக் கேள்வியை விடாமல் கேட்கின்றன. பிரிட்டனின் கை தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1965இல், விடுதலைக்குக் காத்திருந்த மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுத்து இந்தத் தீவுகளைப் பிரித்தெடுத்தது. மறுவருடமே அவற்றில் ஒன்றான டியேகோ கார்சியாவை அமெரிக்காவின் ராணுவத் தளத்துக்கு ஒப்புக்கொடுத்தது. பதிலுக்கு, அமெரிக்காவிடம் பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளின் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் ரகசியமாகக் கழிக்கப்பட்டது.

தீவில் ஆட்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், தென்னிந்தியக் கூலிகளின் வழிவந்தவர்கள். தென்னந்தோப்பில் கொப்பரை உலர்த்திப் பிழைத்தவர்கள். அவர்களை வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். 1968க்கும் 1973க்கும் இடையே ஏறத்தாழ 1,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1971இல் அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரைக் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அடுத்தது நாமோ என்று அந்த மக்கள் நினைத்ததில் வியப்பென்ன?

கடல்வழிகளைக் காக்க ஒரு தளம் வேண்டும், கோடிப் பேரின் பாதுகாப்புக்குச் சில நூறு குடும்பங்கள் விட்டுக்கொடுக்கலாகாதா என்பது எதிர்வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பாதுகாப்பும் ஓர் அறம்தான். ஆனால் தீவின் நிலவரம் அந்த வாதத்தோடு ஒத்துப்போகவில்லை. தளம் நிற்பது மேற்குக் கரையில். ஊர் இருந்த கிழக்குக் கரை இன்றும் காடு மண்டிக் கிடக்கிறது. 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெரோஸ் பான்யோஸ் தீவுக்கூட்டத்தையும் எதற்குக் காலி செய்தார்கள்? ஜப்பானின் ஒகினாவாவில் அமெரிக்கத் தளங்களை ஒட்டியே மக்கள் குடியிருக்கிறார்கள். ஆக, இங்கே மக்களை வெளியேற்றியது தேவைக்காக அல்ல, கேள்வி கேட்க ஆளில்லாத வசதிக்காக.

விரட்டியது பிரிட்டன், நாங்கள் வாங்கியது வெற்றிடம் என்று அமெரிக்கா சொல்லலாம். ஆனால் மக்கள் இல்லாத தீவு வேண்டும் என்று கேட்டதே அதுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவரை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் விட்டதில்லை.

2019இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் கூடிய விரைவில் வெளியேற வேண்டும் என்று கருத்துரைத்தது. 2025 மே மாதம் கையெழுத்தான உடன்படிக்கை தீவுகளின் உரிமையை மொரீஷியஸுக்குத் தர வகைசெய்கிறது; டியேகோ கார்சியாவை மட்டும் பிரிட்டன் 99 வருடக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். மற்றத் தீவுகளில் குடியேற வழி உண்டு, டியேகோ கார்சியாவில் இல்லை. பேச்சுவார்த்தை இரண்டு அரசுகளுக்கு இடையே நடந்தது. ஊரை இழந்தவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி போடவில்லை.

2006இல் சுமார் நூறு பேரைச் சில நாட்கள் மட்டும் கப்பலில் அழைத்துப் போனார்கள், முன்னோரின் கல்லறைகளைப் பார்த்துவர. பார்த்து முடித்ததும் அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.