பக்கத்தில் செருகிய விரல்

ரெட்டிபாளையத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் இரைச்சல். திண்ணையில் நீட் கைடு படித்துக்கொண்டிருந்த பிளஸ் டூ பெண் நிமிர்ந்து கேட்டாள்: "மாமா, டாக்டராகப் போறவங்க இதைத் தவிர வேற என்ன புக்கு படிக்கணும்?"

"மொதல்ல சீட்டு கெடைக்கட்டும்" என்று உள்ளேயிருந்து அவள் அப்பா பதில் சொல்லிவிட்டார்.

கேட்கும்போது கைடை மூடிவிட்டாள். ஆனால் விட்ட பக்கத்தில் ஆள்காட்டி விரல் செருகியிருந்தது. அந்த விரல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிளஸ் டூவில் 1176 மதிப்பெண் எடுத்தும் நீட்டால் மருத்துவ சீட்டு கிடைக்காத குழுமூர் அனிதாவை 2017இல் பறிகொடுத்த அரியலூர் மாவட்டம் இது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. ஆனால் உள்ளே போக 720 மதிப்பெண்ணுக்கான நீட் தேர்வைத்தான் தாண்ட வேண்டும். விரலை எடுத்தால் பக்கம் தவறிப்போகுமே என்ற பயம் அந்த வீட்டுக்கே இருக்கிறது.

என்றாலும் அவள் கேட்டுவிட்டாள். முதலில் நினைவுக்கு வந்தவர் பால் கலாநிதி. தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் இலக்கியம் படித்து, பிறகு மூளை அறுவை மருத்துவரானவர். நுரையீரல் புற்றுநோயோடு அவர் எழுதிய 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்', அவர் இறந்த பிறகு 2016இல் வந்தது. நோயாளியின் கட்டிலில் மருத்துவரே படுத்திருக்கும் புத்தகம்.

உடனே ரஷ்ய எழுத்தாளர் செகாவ் குறுக்கே வந்தார். அவரும் மருத்துவர். 1892இல் வெளிவந்த 'ஆறாவது வார்டு' கதையில் ஒரு டாக்டர் இரவெல்லாம் படிக்கிறார். பக்கத்தில் வோட்காவும் ஊறவைத்த வெள்ளரிக்காயும். அவருடைய ஆஸ்பத்திரியிலோ நோயாளிகள் அடி வாங்குகிறார்கள். அவ்வளவு படித்தவருக்கு அது உறைக்கவில்லை.

மாறாக, சின்ன வயதில் எங்கள் ஊருக்கு சைக்கிளில் வந்த நர்ஸம்மா கதைப்புத்தகம் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் உள்ளங்கைகளை உரசிச் சூடேற்றிய பிறகுதான் பாட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். அதை அவருக்கு எந்தப் பாடம் சொல்லிக்கொடுத்தது?

அப்படியானால் புத்தகம் எதற்கு? நர்ஸம்மாவுக்கு இயல்பாக வந்தது எல்லோருக்கும் வராது என்பதற்காகவா? தன் ஆஸ்பத்திரியில் நடப்பதே உறைக்காமல் போகலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கவா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வாசிப்பு நல்ல மருத்துவரை உண்டாக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனாலும் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டால், சீட்டு கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். கலாநிதியையும் செகாவையும் சேர்த்தே வாங்கிக் கொடுங்கள்.