அட்டையில் டிராகன், திரையில் சதுரம்

1977-இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம், வீட்டு டிவியில் மாட்டி விளையாடும் மெஷின் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட கேம் 'காம்பேட்'. பெட்டியின் மேல் கிளிஃப் ஸ்போன் வரைந்த ஓவியம்: டாங்கி, ஜெட், பழைய இரட்டை இறக்கை விமானம், வெடித்துச் சிதறும் நெருப்பு. கேட்ரிட்ஜைச் செருகினால் திரையில் தெரிவதோ வெறும் தரையில் நகரும் இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றும் அகலத்தில் எட்டே புள்ளி. மெஷினின் நினைவகம் மொத்தமே 128 பைட். இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியம்கூட அதில் அடங்காது. அட்டைக்கும் சரக்குக்கும் இவ்வளவு தூரம் என்றால் அதைப் பொய் என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். இப்படிப்பட்ட அட்டைகளை வரிசைப்படுத்திச் சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்டியில் பொய் இருந்தது உண்மைதான், ஆனால் அது ஓவியத்தில் இல்லை.

பொய் என்பதையே தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு, நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நூல் எழுதினார் புனித அகுஸ்தீனார். உண்மையல்லாததைச் சொன்னதாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிடுவதில்லை என்பது அவர் கருத்து. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு, கேட்பவரை ஏமாற்ற நினைத்து வேறொன்றைச் சொல்வதே பொய். வேடிக்கைப் பேச்சை அவர் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது நிஜமல்ல என்பது பேசும் தொனியிலேயே தெரிந்துவிடுகிறது. ஓவியத்துக்கும் அப்படி ஒரு தொனி உண்டு. இதை விளங்கிக்கொள்ள நம் கருவறையைவிட நல்ல இடம் இல்லை. சைவ சித்தாந்தம் இறைவனின் திருமேனியை அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. லிங்கம் அருவுருவம். கல்லில் முகம் இல்லை, கை இல்லை. ஆனால் பூஜை செய்கிற சிவாச்சாரியார் அதில் தியானிப்பது ஐந்து முகமும் பத்துக் கையும் உள்ள சதாசிவ மூர்த்தியை. தியான சுலோகத்தில் சொன்ன கைகளைக் கல்லில் காணோமே என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. கல்லை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தானே சுலோகம் இருக்கிறது? எட்டுப் புள்ளிக் கட்டையை டாங்கியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஸ்போனின் ஓவியம்.

கோயிலில் கல்லுக்கு விலை கிடையாது, கடையில் பெட்டிக்கு உண்டு என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். அட்டையை நம்பிக் காசைச் சேர்த்து வாங்கி, திரையைப் பார்த்து முகம் சுருங்கிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஆனால் நம் மொழியில் 'ஏமாந்தேன்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் ஏமாந்தேன், ஒருவன் திட்டமிட்டு வஞ்சித்தாலும் ஏமாந்தேன். ஏமாற்றம் வேறு, ஏமாற்று வேறு. தூரிகையால் தீட்டிய படத்தைத் திரையின் படம் என்று நம்பினால்தான் அது ஏமாற்று. 1972-இலேயே 'பாங்' என்ற வீடியோ கேம் வந்து, திரை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்ட நாட்டில் அப்படி நம்புவது எளிதல்ல. 1982-இல் அடாரி வெளியிட்ட 'பேக்மேன்' மீது மக்கள் கொண்ட கோபத்தையும் பாருங்கள். பேய்கள் மினுக்மினுக்கென்று மறைந்து மறைந்து தெரிந்தன, புள்ளிகள் கோடுகளாகிவிட்டன. காசு போட்டு ஆடும் கடைகளில் எல்லோரும் பார்த்துப் பழகிய ஆட்டம் அது. அதே ஆட்டம்தான் உள்ளே இருக்கிறது என்று உறுதி கொடுத்தது 'பேக்மேன்' என்ற பெயர். கோபம் அந்தப் பெயர் மீறிய உறுதியின் மேல்தான், ஓவியத்தின் மேல் அல்ல. 'காம்பேட்' பெட்டியில் 27 வீடியோ கேம் என்று அச்சிட்டிருந்தது. 1980-இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பெட்டியில் 112. உள்ளே இருந்தது ஒரே ஆட்டம்; குண்டு வேகமாக விழும், கேடயம் நகரும், எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான் என்று மாற்றி மாற்றிக் கூட்டினால் 112 வரும். ஓவியத்தைப் பார்க்கிறவர் கற்பனைக்குத் தயாராகிறார். எண்ணைப் படிக்கிறவர் கணக்கு என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டது எண்தான்.

திரையை அப்படியே காட்டும் அட்டைதான் நேர்மையானது என்பவர்களுக்கு 'கிர்பி' என்ற கேம் நாயகனைக் காட்டலாம். 1992-இல் கேம்பாய்க்கு வந்த முதல் ஆட்டத்தில், நிறமில்லாத அந்தச் சின்னத் திரையில் கிர்பி வெள்ளையாகத் தெரிந்தான். அமெரிக்க அட்டையிலும் வெள்ளையாகவே போட்டார்கள். அவன் நிறம் இளஞ்சிவப்பு. ஜப்பானிய அட்டை சரியாகச் சொன்னது. திரைக்கு விசுவாசமாக இருந்த படமே தவறான எண்ணத்தைக் கொடுத்தது. 'மெகா மேன்' அமெரிக்க அட்டை வேறு ரகம். ஜப்பானில் 1987-இல் 'ராக்மேன்' என்று வந்த கேமில் கையே பீரங்கியாக உள்ள ரோபோச் சிறுவன். அமெரிக்க அட்டையிலோ கைத்துப்பாக்கி பிடித்த நடுவயதுக்காரர். அது பிழை, அதுவும் மோசமான பிழை. ஆனாலும் பொய் இல்லை. 2012-இல் கேப்காம் நிறுவனமே அந்த நடுவயதுக்காரரை ஒரு சண்டை கேமில் பாத்திரமாக இறக்கித் தன்னைத் தானே கேலி செய்துகொண்டது.

1980-இல் வந்த 'அட்வென்ச்சர்' பெட்டியில் கோட்டையும் டிராகனும் உண்டு. திரையில் நாயகன் ஒரு சதுரம். டிராகன் வாத்து மாதிரி இருக்கும். வழக்கம்போல ஓவியத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பெட்டி மறைத்ததோ வேறொன்றை. அந்தக் கேமை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்ற ஒரே மனிதர். புரோகிராமர்களின் பெயரைப் பெட்டியில் போடும் வழக்கம் அப்போது அடாரியிடம் இருக்கவில்லை. தரையின் நிறத்திலேயே கலந்திருக்கும் ஒற்றைப் புள்ளியைக் கண்டெடுத்து எடுத்துச் சென்றால் மட்டுமே திறக்கும் ஓர் அறையை உள்ளே ஒளித்து, அதில் தன் பெயரை அவரே எழுதிவைத்தார். அது வெளியே தெரியவந்தபோது அவர் அந்த நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார்.