ஒளிக்கத் தெரியாதவர்கள்

பொய்யே சொல்லத் தெரியாத ஓர் இனத்தைப் பற்றிப் படித்தால் நமக்குப் பொறாமைதான் வரும் என்று நினைத்திருந்தேன். படித்தவர்களுக்கு வந்ததோ இரக்கம். சிலருக்குப் பயம்.

சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' 2006இல் சீனாவில் ஓர் அறிவியல் புனைகதை இதழில் தொடராக வந்தது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியானது 2014இல். மறு ஆண்டே ஹியூகோ விருது. 2024 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸ் தொடர் வந்த பிறகு, வானகரத்தில் எங்கள் அடுக்ககத்திலும் புத்தகம் கைமாறத் தொடங்கியது. மூன்று சூரியன்களுக்கு நடுவே அல்லாடும் கிரகம் ட்ரைசோலாரிஸ். அங்கே ஒருவர் நினைப்பது நினைத்த கணமே எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் நாவலான 'தி டார்க் ஃபாரஸ்ட்'டில்தான் நமக்கு இது தெரியவருகிறது. சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் ஏமாற்றும் கதை அவர்களுக்கு விளங்கவே இல்லை. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்ல மனிதர்களால் முடியும் என்று புரிந்ததும் நம்மைக் கண்டு அஞ்சுகிறார்கள். பூமியைப் பிடிக்க வரும் அவர்களால் இங்கே நடப்பதையெல்லாம் பார்க்கவும் கேட்கவும் முடிகிறது. மனித மனதுக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. அதனால்தான் ஐ.நா. நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, பூமியைக் காக்கும் திட்டத்தை யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே தீட்டச் சொல்கிறது.

"பொய் தெரியாதவன் எப்படிங்க போர் நடத்துவான்?" என்றார் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இரண்டு பெண்களின் பேச்சு. பிளஸ் டூ படிக்கும் மகளின் தாய் சொன்னார்: "அவ மனசுல என்ன ஓடுதுன்னு ஒரே ஒரு நாள் தெரிஞ்சாப் போதும்." பக்கத்து வீட்டுப் பெண் நர்ஸ். "எனக்கு வேண்டாம்க்கா. இவர் பிழைக்கமாட்டார்னு தெரிஞ்சும் சில பேர் தலைமாட்டுல நின்னு ஊசி போடறேன். என் மனசு அவருக்குத் தெரிஞ்சா, அந்த ராத்திரியை அவர் எப்படிக் கடப்பாரு?"

ஞாயிறு காலையில் எங்கள் மீன் மார்க்கெட்டுக்குப் போனால், ஒரு கூறு சங்கராவுக்குக் கடைசி விலை என்ன என்பதை விற்பவர் காட்டமாட்டார். எவ்வளவு கொடுக்கத் துணிந்திருக்கிறோம் என்பதை நாமும் காட்டமாட்டோம். பேரம் முடிந்த பிறகு அவராகவே இரண்டு மீனைக் கூடுதலாகப் பையில் போடுகிறார். எதிரே இருப்பவர் மனம் முழுக்கத் தெரிந்துவிடும் ஊரில் கணக்கு இருக்கும், இந்தக் கொசுறு இருக்காது.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். 71ஆவது அரசவைக்கு, 110ஆவது காதலுக்கு. அடுத்தவர் அகத்தில் இருப்பதை உணர்பவனை அவையில் தெய்வத்துக்கு நிகராக உயர்த்தியவர், காதலுக்கு வரும்போது மறைத்துக்கொண்டே காட்டும் ஒரு பெண்ணின் பார்வையில் மனதைப் பறிகொடுக்கிறார். மறைப்பு இல்லாவிட்டால் அந்த அதிகாரத்தில் படிக்க என்ன இருக்கிறது?

மறைக்க முடியாதவர் சொல்வது உண்மையாக இருக்கலாம், அதை நேர்மை என்று சொல்ல முடியாது. அந்த மாணவியின் மனதைத் திறந்து பார்த்தால் தாய்க்குத் தகவல் கிடைக்கும். ஒரு நாள் அவளே வந்து, சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொன்னால், மகள் கிடைப்பாள். நமக்கு வேண்டியது அடுத்தவர் மனம் தெரிவதா, அவர் நம்மை நம்பிச் சொல்வதா என்று கேட்டால், இரண்டாவதற்காகத்தான் வாழ்நாள் முழுவதும் ஏங்குகிறோம்.

நாவலே இதற்குச் சாட்சி சொல்கிறது. 1379 என்ற எண்ணுள்ள ஒரு ட்ரைசோலாரிஸ்வாசி கேட்பு நிலையத்தில் தனியாக வேலை செய்பவன். பூமியிலிருந்து வந்த செய்தியைக் கேட்டதும், "பதில் அனுப்பாதீர்கள்" என்று மூன்று முறை நமக்கு எச்சரிக்கை அனுப்புகிறான். மனம் தெரியும் உலகில் இவன் எப்படி இதை மறைத்தான் என்று எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. அருகில் பார்க்க யாரும் இல்லாததால் முடிந்தது என்பது என் எண்ணம். அந்த இனத்தில், எங்கள் அடுக்ககத்தில் படித்தவர்கள் எல்லோரும் நேசித்தவன் அவன் ஒருவன்தான். தனக்கென்று ஒரு மனம் வாய்த்த சிறிது நேரத்தில், முகம் தெரியாத நமக்காகத் தன் இனத்தையே மீறினான்.

1979இல் அந்த எச்சரிக்கையைப் பெற்றவள் யே வென்ஜியே. கலாச்சாரப் புரட்சியில் தன் தந்தை அடித்துக் கொல்லப்பட்டதை நேரில் பார்த்தவள். அவளும் யாருக்கும் தெரியாமல் ஒரு முடிவு எடுத்தாள். பதில் அனுப்பினாள், எதிரியை வரச் சொல்லி. எங்களில் பலர் அவளை மன்னிக்கவில்லை. அவள் மனதைப் படிக்கும் கருவி ஒன்று இருந்திருந்தால் பூமி தப்பியிருக்கும் என்றார் ஒருவர். நான் ஒப்பவில்லை. அவள் வேலை செய்த மலையுச்சி நிலையத்தில் அவளுடைய கணவனும் இருந்தான். அத்தனை ஆண்டுகளாகச் சுமந்ததை அவனிடமாவது சொல்லலாம் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றவில்லை. மூன்று நாவல்களிலும் என்னை அதிகம் வருத்தியது அதுதான். வரப்போகும் விண்கலங்கள்கூட என்னை அந்த அளவுக்கு வருத்தவில்லை.